மின் நகர்வு ஸ்கூட்டர்

மின் நகர்வு ஸ்கூட்டர் என்பது நடப்பதற்கு இடர்ப்படுவோர் பயன்படுத்தும், மின்கலத்தால் இயங்கும் மூன்று அல்லது நான்கு சக்கர ஊர்தி ஆகும். பிரித்தானியாவில் இதனை ஓட்ட ஓட்டுனர் உரிமம் தேவையில்லை.

ஓட்டுதல்

அங்கு இரண்டாம் வகுப்பு ஸ்கூட்டர்கள் நடைபாதைக்கு உரியவை. அவற்றின் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். மூன்றாம் வகுப்பு ஸ்கூட்டர்கள் சாலையில் 8 மைல் வரை செல்லலாம். நடைபாதையில் 4 மைலைத் தாண்டக் கூடாது. கைநெம்புகோலை விட்டவுடன் மின்காந்தத் தடுப்பு தானாகவே இயங்கி ஊர்தியை நிறுத்தும். வேகமாகத் திரும்பினால், குறிப்பாக மூன்று சக்கர வகை, கவிழக்கூடும்.

நிறுத்திவைத்தல்

சமதளத்தில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். கையால் தள்ளுவதற்கான விடுவிப்பு நெம்புகோல் தடுப்பைச் செயலிழக்கச் செய்வதால், சரிவில் அதனை இயக்கினால் ஊர்தி உருண்டோடும். நடைபாதையை மறித்து நிறுத்தினால், சக்கர நாற்காலியில் செல்வோரும் பார்வையற்றோரும் சாலையில் இறங்க நேரிடும்.