விடியுமுன் மீன்கள் ஏன் மேலே வருகின்றன?

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கம் வசிப்பவரா நீங்கள்? கோடையில் ஒரு நாள் விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கெண்டைகள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை மூச்சுக்குத் திணறுகின்றன என்று பொருள்.

பகலில் வேலம்பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, ஆக்சிஜனை நீரில் விடுகின்றன. இரவில் அந்த வேலை நின்றுவிடுகிறது. சுவாசம் மட்டும் நிற்பதில்லை. செடி, மீன், நத்தை எல்லாமே ஆக்சிஜனைச் செலவிடுவதால் விடியுமுன் கையிருப்பு மிகக் குறைவு. வெயில் காலத்தில் முதலீடே குறைவுதான்: ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான்.

விராலுக்கு இந்தக் கவலை இல்லை. செவுளுக்கு மேலுள்ள அறையில் வெளிக்காற்றையே வாங்கிச் சுவாசிக்கும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை ஏரியை மூடினால் கெண்டையின் பாடு திண்டாட்டம். அதன் இலைகள் ஆக்சிஜனைக் காற்றில் விடுகின்றன, நீரில் அல்ல. அடியிலுள்ள வேலம்பாசியோ வெளிச்சமின்றி மடிகிறது. நீண்ட விரல்களால் மிதக்கும் இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கு மட்டும் கொண்டாட்டம்!

இச்செடியைத் தின்னும் கூன்வண்டுகள் 1980-களில் பெங்களூர் ஏரிகளில் விடப்பட்டன. பலன் உண்டு, ஆனால் மெதுவாக. செடி அழுகும்போதும் ஆக்சிஜன் செலவாகிறது. சிறிய ஏரியில், பூக்குமுன் இழுத்துக் கரையேற்றிவிடுவதே மேல். விதை விழுந்துவிட்டால் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வற்றிய ஏரி நிறையும்போது மறுபடி முளைக்கும்.