க்ளாஸே இல்லாத பாடம்... கையில் ‘பி ப்ளஸ்’!

வகுப்பு கிடையாது. அட்டெண்டன்ஸ் கிடையாது. வாத்தியார் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு கட்டுரை... நல்ல மார்க் கன்ஃபார்ம்! ‘எந்த காலேஜ் பாஸ் அது?’னு துள்ளாதீங்க. அமெரிக்காவின் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகமான நார்த் கரோலினாவின் சேப்பல் ஹில் கேம்பஸில், 1993 முதல் 2011 வரை 18 வருஷம் நடந்த கூத்து இது. கட்டுரைக்கு மார்க் போட்டது பெரும்பாலும் பேராசிரியர்கூட இல்லை, டிபார்ட்மென்ட் ஆபீஸ் ஊழியர்!

இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் 3,100-க்கும் மேலே. அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அங்கே காலேஜ் ஃபுட்பாலும் (பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுவாங்களே, அதேதான்) பாஸ்கெட்பாலும் கோடிகள் புரளும் பிசினஸ். ஆனா, மார்க் குறைஞ்சா வீரர் களத்தில் இறங்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் குறுக்கு வழி.

விஷயம் வெளியே வந்த விதம்தான் செம! 2010-ல் ஃபுட்பால் டீம் மேல வேற ஒரு புகார் கிளம்பியது. விவரம் கேட்டால், ‘மாணவர்களின் கல்வி ரகசியம்’ என்று கதவைச் சாத்தியது நிர்வாகம். மாணவர் பத்திரிகையான ‘தி டெய்லி டார் ஹீல்’, மற்ற மீடியாக்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போச்சு. கேட்ட ஆவணங்களில் ஒண்ணு... வீரர்கள் வாங்கிய பார்க்கிங் அபராதச் சீட்டுகள்! வண்டியைத் தப்பா நிறுத்துறது எந்த சப்ஜெக்ட்ல வருதாம்? ‘இது கல்வி ஆவணமே இல்லை’ என்றது கோர்ட். 2011-ல் கட்டு பிரிந்தபோது கிட்டத்தட்ட 400 சீட்டு!

அதே வருஷம் உள்ளூர் நாளிதழ் ‘நியூஸ் அண்ட் அப்சர்வர்’ ஒரு வீரரின் மார்க் ஷீட்டைப் பிடித்தது. ரெகுலர் முதல் வருஷம் தொடங்கும் முன்பே, சீனியர்கள் படிக்கும் பாடத்தில் பி ப்ளஸ்! அங்கிருந்து சரசரவென நூல் பிரிந்து, 2014 விசாரணை அறிக்கையில் மொத்தமும் அம்பலம். உள்ளேயிருந்து உண்மையைச் சொன்ன மேரி வில்லிங்ஹாம், வேலையை விட்டு வெளியேறி வழக்குப் போட்டார். 2015-ல் 3,35,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது பல்கலைக்கழகம்.

தண்டனை? காலேஜ் விளையாட்டைக் கட்டி மேய்க்கும் என்.சி.ஏ.ஏ. 2017-ல் கையை விரித்துவிட்டது. அந்தப் பாடம் வீரர்களுக்கு மட்டும் இல்லையாம், யார் வேணும்னாலும் சேரலாமாம்... அதனால் விதிமீறலே இல்லையாம்! எல்லாருக்கும் பந்தி வெச்சுட்டா அது ஊழல் கணக்கில் வராது போல. 2005-ல் ஜெயிச்ச பாஸ்கெட்பால் சாம்பியன் பட்டம்கூட அப்படியே பத்திரமா அவங்ககிட்டதான் இருக்கு!