நூற்குற்றமும் நூற்களவும்

ஒழுக்கத்துக்கு ஒவ்வாததென உலகம் ஒதுக்கிய நூலொன்றை, ஆக்கியோன் இசைவின்றி ஒருவன் எடுத்துப் பரப்பினால் அது களவாகுமா? “ஆபாசத்துக்கு உரிமை வேறு வேண்டுமோ?” என்று கேட்போர் எக்காலத்திலும் உளர். வயதுவந்தோர்க்கென ஆக்கப்பட்ட எழுத்துக்களும் படங்களும் உடையவரைக் கேளாமலே கைத்தொலைபேசி வழியாகப் பரவும் இந்நாளில், அக்கேள்வியை என் மாணவரிடத்தும் கேட்கின்றேன். விடை தேடுவோர்க்கு, அயர்லாந்து நாட்டு ஆசிரியர் ஜேம்ஸ் ஜோய்ஸ் இயற்றிய ‘யுலிசிஸ்’ என்னும் நாவலின் வரலாறு பெரிதும் உதவும்.

அந்நாவல் 1918 முதல் 1920 வரை, நியூயோர்க்கில் வெளியான ‘லிற்றில் றிவியூ’ என்னும் சஞ்சிகையில் தொடராக வந்தது. ஆபாசமுடையதென வழக்குத் தொடுக்கப்பட்டு, 1921இல் சஞ்சிகையை நடத்திய பெண்மணிகள் இருவருக்கும் தலைக்கு 50 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதன்பின் அதனை அமெரிக்காவில் நூலாக அச்சிட எவரும் முன்வந்திலர். பாரிஸ் நகரிற் புத்தகசாலை நடத்திய சில்வியா பீச் என்னும் பெருமாட்டியே 1922 பெப்ரவரி 2ஆந் திகதி அதனை நூலாக்கினார். முதற்பதிப்பு 1000 பிரதிகள்.

அக்காலத்து அமெரிக்கச் சட்டமோ, பிறநாட்டில் வெளியான ஆங்கில நூலொன்று குறித்த காலத்துள் அமெரிக்காவிலேயே அச்சிடப்பட்டாலன்றி அதற்கு நிலையான பதிப்புரிமை வழங்குவதில்லை. அச்சிட்டால் தண்டம், அச்சிடாவிடில் உரிமையில்லை. இவ்விடைவெளியிற் புகுந்தவர் சாமுவேல் றோத் என்னும் வெளியீட்டாளர். அவர் 1926 முதல் தமது சஞ்சிகையில் நாவலைத் தொடராக வெளியிட்டார். ஜோய்ஸ் அதற்கு இசைந்திலர். வழக்குக்கு அஞ்சிய றோத், வாசகங்களை வெட்டியும் மாற்றியும் அச்சிட்டார். உரிமை போனதோடு, உருவமும் சிதைந்தது.

1927இல் ஜோய்ஸின் பிறந்தநாளான பெப்ரவரி 2ஆந் திகதியிட்டு ஒரு கண்டன அறிக்கை வெளிவந்தது. ஐன்ஸ்ரைன், யேற்ஸ், எலியற் முதலாக 167 பேர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். 1928 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றமும் றோத்துக்குத் தடை விதித்தது. ஆயின் அத்தடை, ஜோய்ஸின் பெயரைப் பயன்படுத்தலாகாது என்பதேயாம். நூலைக் காக்க வகையற்ற சட்டம் பெயரை மட்டும் காத்தது.

கதை அத்துடன் முடிந்திலது. 1929இல் றோத், பாரிஸ் பதிப்பைப் போலவே தோன்றும் போலிப் பதிப்பொன்றை நியூயோர்க்கில் அச்சிட்டார். 1933இல் நீதிபதி வூல்சி, நாவல் ஆபாசமன்றெனத் தீர்ப்பளித்தார். 1934இல் ‘ரான்டம் ஹவுஸ்’ நிறுவனம் முறைப்படி அதனை வெளியிட்டது. அப்பதிப்புக்கு மூலமாக அச்சுக்கோப்போரிடம் தவறுதலாகக் கொடுக்கப்பட்டதோ அப்போலிப் பிரதியே! அதன் பிழைகள் நேரிய பதிப்பினுள்ளும் புகுந்தன. ஏடெழுதுவோர் கைப்பிழையாற் பாடம் திரியும் இடர்ப்பாட்டை நன்கறிந்த தமிழாசிரியர்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் நீதிமன்றங்கள் தெளிவு பெற்றன. டெக்ஸாஸில் பாலியற் திரைப்படமொன்றை இசைவின்றிக் காட்டிய திரையரங்கினர், “இப்படம் ஆபாசம், ஆதலால் இதற்குப் பதிப்புரிமை இல்லை” என வாதிட்டனர். 1979இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்வாதத்தைத் தள்ளிற்று. ஆபாசமென்பது இடந்தோறும் காலந்தோறும் வேறுபடும். அதைக்கொண்டு உரிமையை அளத்தல் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

யான் ஆபாசத்துக்குப் பரிந்து பேசுகின்றேனல்லேன். ஒரு பொருள் பார்த்தற்குரியதா என்பது ஒரு வினா. அது யாருடையது என்பது வேறொரு வினா. முன்னதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் சட்டமும் விடை கூறட்டும். அவ்விடை எதுவாயினும், பிறர் பொருளைக் கவர்வதற்கு அஃது அனுமதிச்சீட்டாகாது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும், ஆக்கியோன் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகளுக்கு உரிமை வழங்குவதுடன், தன் படைப்பைப் பிறர் சிதைத்து மதிப்பைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமையையும் அவனுக்கு அளிக்கின்றது.

றோத் தம்மை எழுத்துரிமையின் காவலராகக் காட்டிக்கொண்டார். இன்று பிறர் படத்தைப் பகிர்பவனோ, “கெட்ட பொருள்தானே” என்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றான். இருவரும் உடையவரைக் கேட்டிலர். மாணவரிடம் ஒழுக்கம் பற்றிப் பேசும் ஆசிரியர்கள், பகிர்வதன்முன் உடையவரின் இசைவைக் கேட்கும் கடமையையும் அதன் ஒரு கூறாகவே கற்பித்தல் வேண்டும்.