பழைய வாஷிங் மெஷின் சுத்தலையா? காயலான் கடைக்குப் போடும் முன் இதைப் பாருங்க!

மோட்டார் உறுமுது, துணி மட்டும் சுத்தலை. பழைய டாப் லோடு செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இது சகஜம். பெரும்பாலும் போயிருப்பது சின்னப் பொருள்தான்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்க. தொட்டியின் அடியில் இருக்கும் பல்சேட்டரைக் கையால் சுற்றுங்க. இறுக்கமா இருந்தால், அடியில் காசோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கலாம்.

அடுத்து, பின்பக்க மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்க. தளர்ந்தோ அறுந்தோ இருந்தால், அதையே கடைக்கு எடுத்துட்டுப் போய் அதே அளவில் வாங்குங்க.

பெல்ட் நல்லா இருந்தும் மோட்டார் உறுமிட்டே நின்றால், சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் சார்ஜ் தேங்கியிருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுடுங்க. அதே மைக்ரோஃபாரட் அளவில்தான் மாற்றணும்.

தொட்டியில் உப்புத் தண்ணீர்க் கறையா? வெதுவெதுப்பான நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவைத்துத் தேயுங்க. பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

எல்லாம் சரியாகி ஓடினாலும், உடம்பைத் தொட்டால் லேசா ஷாக் அடிக்குதா? உடனே மெயினை அணைச்சுடுங்க. வயரிங்கையும் எர்த்தையும் சரிபார்க்காமல் அந்த மெஷினை மறுபடி ஓட்டாதீங்க.