புள்ளிவிவரம் படித்தவருக்குத் தில்லியில் என்ன வேலை?

புது தில்லி: மக்களவையில் கேள்வி நேரம் உள்ள ஒவ்வொரு நாளும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாத கேள்விகள் 230 வரை பட்டியலிடப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: மாநில வாரியாக, ஆண்டு வாரியாக விவரம் தருக. அமைச்சர் அவையின் மேஜையில் வைக்கும் பதிலுக்குப் பின்னால் இணைப்பாக வரும் அட்டவணைகளை யாரோ தொகுக்கிறார்கள், யாரோ சரிபார்க்கிறார்கள். தரவுப் பகுப்பாய்வு என்றதும் பெங்களூரையும் ஏழு இலக்கச் சம்பளத்தையும் மட்டுமே நினைக்கும் நம் இளைஞர்களின் கண்ணில் அந்த "யாரோ" படுவதே இல்லை.

1961-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் பணிக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனித்தேர்வு நடத்துகிறது. புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் போதும். பொதுப் பிரிவினருக்கு வயது 21 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வுக்கு 1,000 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 200. ஆண்டுக்குச் சில பத்து இடங்களே அறிவிக்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் வேலையின்மை எவ்வளவு, விலைவாசி எவ்வளவு ஏறியது என்று நாடே வாதிடும் எண்கள் பிறக்குமிடம் அது. அதற்கு அடுத்த படியான இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பதவிக்குப் பணியாளர் தேர்வு ஆணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு வழி உண்டு.

இந்த வேலையில் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2019 ஜனவரியில் தேசிய புள்ளியியல் ஆணையத்தின் தாற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும், உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினர். மோகனன் இந்தியப் புள்ளியியல் பணியிலேயே வளர்ந்தவர். ஆணையம் ஒப்புதல் அளித்த பிறகும் வேலைவாய்ப்பு ஆய்வறிக்கை வெளியிடப்படாததே அவர்களது அதிருப்திக்கு முக்கியக் காரணம். 2017-18-இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த அறிக்கை, தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31-இல்தான் அதிகாரபூர்வமாக வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18-க்கான நுகர்வோர் செலவு ஆய்வையே தரக்குறைவைக் காரணம் காட்டி அரசு கைவிட்டது. அடுத்த ஆய்வின் முடிவு 2024 பிப்ரவரியில் வரும்வரை, 2011-12-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டே வறுமையைப் பற்றி அவையில் பேசினார்கள்.

எண்ணே இல்லாத பதிலும் உண்டு. பொதுமுடக்கத்தின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். எதை எண்ணுவது என்று முடிவு செய்வது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அரசுக்கு வெளியேயும் இங்கு வழிகள் இருக்கின்றன. 2005-இல் தொடங்கிய பிஆர்எஸ் சட்டமியற்றல் ஆய்வு நிறுவனம், 25 வயதுக்கு மேற்படாத பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவியாளர்களாக அனுப்புகிறது. மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் வரையிலான பணி. அவையில் உறுப்பினர் காகிதத்தை உயர்த்திக் காட்டி முழங்கும் புள்ளிவிவரத்தைத் திரட்டித் தந்தவர் பார்வையாளர் மாடத்தில் மௌனமாக உட்கார்ந்திருப்பார். சிஏஜி அலுவலகமும் 2016-இல் தரவு மேலாண்மைக்கும் பகுப்பாய்வுக்கும் தனி மையம் அமைத்தது.

கட்சிகளும் இந்தக் களத்துக்கு வந்துவிட்டன. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் திமுகவுக்காக ஐ-பேக் செய்த வேலையைத் தமிழக வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாக்குச்சாவடி வாரியாக எண்களைப் பிரித்தறியத் தெரிந்தவருக்கு அங்கு மதிப்பு உண்டு. தேர்தல் முடிந்த மறுநாள் வேலை இருக்குமா என்பது வேறு விஷயம்.

சம்பளம்தான் முக்கியம் என்றால் தலைநகரை ஒட்டிய குர்கானில் கதவு திறந்தே இருக்கிறது. ஜிஇ கேபிட்டல் 1997-இல் அங்கு தொடங்கிய பிரிவுதான் பின்னர் ஜென்பேக்ட் ஆனது. கடன் வாங்குபவர் திருப்பிச் செலுத்துவாரா, வாடிக்கையாளர் விலகிப் போவாரா என்று கணிக்கும் வேலை. முறையான பயிற்சிக்கு கொல்கத்தா ஐஐஎம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கரக்பூர் ஐஐடி மூன்றும் சேர்ந்து முதுநிலைப் பட்டயம் வழங்குகின்றன. சென்னை ஐஐடியின் இணையவழித் தரவு அறிவியல் படிப்பு 2020-இல் தொடங்கப்பட்டது. மூன்று மாதத்தில் நிபுணராக்குவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு இவற்றின் பாடத்திட்டத்தையாவது புரட்டிப் பார்க்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்து 2025 ஜூனில் உள்துறை அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. முதல்முறையாக மின்னணு முறையில், ஜாதி விவரத்தையும் சேர்த்து எடுக்கப்படும் கணக்கு இது. களப்பணிக்கும் மேற்பார்வைக்கும் சுமார் 34 லட்சம் பேர் தேவை என்று 2025-இல் அமைச்சகம் கூறியது. அவர்கள் கொண்டுவரும் எண்களை நம்பித்தான் தொகுதி மறுவரையறை பற்றிய தமிழகத்தின் கவலைக்கும் விடை எழுதப்படும். அந்த எண்களைச் சலித்துப் பிழை நீக்கி அட்டவணையாக்கும் மேஜைகளில் நம் ஊர்ப் பட்டதாரிகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?