கிரேக்கப் பெண்களின் கீரையும் மூலிகையும்



கிரேக்கச் சமையல் என்றதும் சுட்ட இறைச்சியும் பாற்கட்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படுவது அதுவே. ஆனால் அந்நாட்டு வீட்டுக் குசினிகளில் நாளாந்தம் வேகுவது கீரை, பருப்பு, மரக்கறி ஆகியவையே. கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்கள் வருடத்தில் ஏறத்தாழ 180. அந்நாட்களில் இறைச்சியும் பாலுணவும் விலக்கப்படுகின்றன. இந்த எளிய சமையலை வளர்த்தெடுத்தவர்கள் வறிய பெண்களும் போரினால் வீடிழந்த பெண்களுமாவர். அதனால்தான் இதனை உங்களுக்கு எழுதுகிறேன்.

2004 முதல் மூன்று வருடங்கள் ஏதென்ஸ் நகரில் ஒரு வயோதிப மாதுவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அவரை ‘யாயா’ என்று அழைப்பேன். கிரேக்க மொழியில் அதற்கு அம்மம்மா என்று பொருள். சமையலை அவரிடமே கற்றேன்.

அகதிகள் கொண்டுவந்த சீரகம்

யாயாவின் தாய் பிறந்த ஊர் ஸ்மிர்னா. இன்று அது துருக்கியின் இஸ்மிர் நகரம். 1922 செப்டெம்பரில், கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில், அந்நகரின் பெரும்பகுதி எரிந்துபோனது. 1923 இல் இரு நாடுகளும் மத அடிப்படையில் மக்களைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டன. 1928 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிரேக்கத்தில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இருந்தனர். அதாவது ஐந்து பேரில் ஒருவர் அகதி. ஆண்கள் பலர் கொல்லப்பட்டும் பிடிக்கப்பட்டும் போனதால், எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தாங்கினர். கூடாரங்களிலும் அரங்குகளிலும் தங்கி, கம்பளம் நெய்தும் தைத்தும் பிள்ளைகளை வளர்த்தனர்.

உள்ளூர்வாசிகள் சிலர் அவர்களைத் ‘துருக்கி விதைகள்’ என்று இழித்துரைத்தனர். ஆனால் அப்பெண்கள் கொண்டுவந்த கைமணம் நிலைத்துவிட்டது. அரைத்த இறைச்சியில் சின்னச் சீரகமும் உள்ளியும் சேர்த்து உருட்டி, தக்காளிக் குழம்பில் வேகவைக்கும் ‘சுட்சுகாக்கியா’ என்ற கறி ஸ்மிர்னாப் பெண்களுடையது. இன்று அது கிரேக்கம் முழுவதற்கும் பொதுவான உணவு.

பட்டினிக் காலத்தில் கீரை

1941 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் கிரேக்கத்தினுள் நுழைந்தன. பின்னர் ஜேர்மனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்றும் நாட்டைப் பங்கிட்டு ஆண்டன. ஆக்கிரமித்தோர் உணவைப் பறித்தெடுத்தனர். பிரித்தானியரின் கடல் தடையால் வெளியிலிருந்தும் தானியம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் வீதிகளில் மக்கள் பட்டினியால் விழுந்து இறந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் பசியாலும் அது கொண்டுவந்த நோய்களாலும் இறந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் எனக் கணிக்கப்படுகிறது.

அப்போது யாயாவுக்கு வயது பன்னிரண்டு. தாய் அவரை இமிட்டோஸ் மலைச்சரிவுக்குக் கூட்டிச்சென்று காட்டுக் கீரை பிடுங்கக் காட்டிக்கொடுத்தார். எந்த இலை கசக்கும், எது நஞ்சு, எதனை வேரோடு எடுக்கக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் அவர் படித்தார்.

“பிள்ளை, கீரை வயிற்றை நிரப்பும். எண்ணெயும் தானியமும் இல்லாவிட்டால் உடம்பைத் தாங்காது” என்று யாயா சொல்லுவார். அவருடைய தம்பி அந்தக் குளிர்காலத்தைக் கடக்கவில்லை. 1941 ஒக்டோபரில் ‘குர்துலுஷ்’ என்ற கப்பல் நிவாரண உணவுடன் வந்தது. தாய் உயிர்தப்பி ஓடிவந்த அதே துருக்கியிலிருந்துதான் அக்கப்பல் வந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் யாயாவின் கண் கலங்கும்.

ஹொர்த்தா செய்யும் விதம்

அவித்த கீரைக்குக் கிரேக்கர் ‘ஹொர்த்தா’ என்பர். கோடையில் அவர்கள் விரும்பி உண்ணும் ‘விலீத்தா’ எமது தண்டுக்கீரையின் இனமே.

கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கும் உப்புநீரில் தண்டு மெதுவாகும்வரை மட்டும் அவித்து வடியுங்கள். ஒலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியும் எலுமிச்சம் சாறும் விட்டுப் பாணுடன் உண்ணலாம். ஒலிவ் எண்ணெய் விலை கூடியது. நல்லெண்ணெயிலும் செய்யலாம், தேசிக்காய்ப் புளியும் போதும்.

இதில் ஓர் அறிவு இருக்கிறது. புளியிலுள்ள விற்றமின் சீ கீரையின் இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச உதவுகிறது. எண்ணெய் விற்றமின் ஏ சத்து உடலில் சேர உதவுகிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் இதனைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது குறையும். ஆகவே தேநீரைச் சற்றுப் பிந்திக் குடியுங்கள்.

மூலிகை எதற்கு, எதுவரை?

கிரேக்கர் இறைச்சிக்கும் தக்காளிக்கும் ‘றிகானி’ தூவுவர். ஆங்கிலத்தில் அது ஒறிகானோ. அதன் வாசனை எமது கற்பூரவள்ளியை நினைவூட்டும். இரண்டிலும் கார்வக்றோல் என்ற பொருள் உண்டு. தைம் என்ற மூலிகையிலுள்ள தைமோல் எமது ஓமத்திலும் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே டயோஸ்கோறிடீஸ் என்ற மருத்துவர் ஏறத்தாழ 600 தாவரங்களின் பயன்களைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார்.

யாயாவின் வீட்டில் தடிமனுக்கும் இருமலுக்கும் ‘மலைத்தேநீர்’ என்ற காட்டுச் செடியின் அவிநீர். தொண்டை நோவுக்கு சேஜ் இலை அவித்த நீரில் கொப்பளிப்பு. வயிற்றுப் பொருமலுக்குப் புதினா. மலைத்தேநீரின் நீண்டகாலப் பாவனையை ஏற்று, தடிமனோடு வரும் இருமலுக்கும் இலேசான வயிற்றுக் கோளாறுக்கும் அதனைப் பயன்படுத்தலாம் என ஐரோப்பிய மருந்து முகவரகமும் கூறுகிறது.

ஆனால் யாயா இரத்த அழுத்தக் குளிசையை ஒருநாளும் விட்டதில்லை. “இலை இலையின் வேலையைச் செய்யட்டும், குளிசை குளிசையின் வேலையைச் செய்யட்டும்” என்பார். நாமும் இவற்றை மனதில் கொள்வோம்:

• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சேஜ் அவிநீரைத் தவிர்க்க வேண்டும்.
• மூலிகைகளிலிருந்து வடித்த செறிந்த எண்ணெயைக் குடிக்கக்கூடாது.
• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கசாயத்தோடு இருந்துவிடாமல் சளிப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.
• நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை மூலிகையை நம்பி நிறுத்தக்கூடாது.

கைமணமே கைத்தொழில்

1983 இல் லெஸ்வோஸ் தீவின் பெத்ரா கிராமத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பயணிகளுக்குத் தங்கள் வீடுகளில் அறை கொடுத்தும் வீட்டுச் சமையலைப் பரிமாறியும் தம் கையில் சொந்தப் பணம் கண்டனர். பின்னர் வேறு ஊர்களிலும் பெண்கள் இவ்வாறு சேர்ந்து பழப்பாகு, உலர்த்திய மூலிகை ஆகியவற்றை விற்கத் தொடங்கினர். அவர்கள் விற்றது தாய்மாரிடம் கற்ற வேலையைத்தான்.

வீடு எரியலாம், நகை பறிபோகலாம், காணி கைவிட்டுப் போகலாம். ஸ்மிர்னாப் பெண்கள் சீரகத்தின் அளவையும் கீரையின் அடையாளத்தையும் மனதில் சுமந்துவந்தனர். அவற்றை ஒருவராலும் பறிக்க முடியவில்லை. உங்கள் தாயாரும் மாமியாரும் அறிந்த கீரைகளையும் கைமருந்துகளையும், அவற்றின் அளவோடும் எச்சரிக்கையோடும், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கீரை பிடுங்கப் போகும்போது உங்கள் மகளையும் மகனையும் கூட்டிச் செல்லுங்கள்.