மின்னஞ்சலில் படம் அனுப்புகிறீர்களா? எடையைக் குறையுங்கள், எழுத்து தெரியட்டும்!

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறது, பட்டாவில் பெயர் தவறாக இருக்கிறது. குறை எதுவானாலும் போனிலேயே படம் பிடித்து, மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறோம். ‘சென்ட்’ பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் படம் கனமாக இருந்தால் மெயில் போய்ச் சேராமல் திரும்பி வரலாம். அளவுக்கு மீறிச் சுருக்கினால் மெயில் போய்ச் சேரும், படத்தில் உள்ள சர்வே எண்ணைத்தான் யாராலும் படிக்க முடியாது. மனு கொடுக்கக் கடைசித் தேதி இருந்தால் இரண்டுமே நமக்கு நஷ்டம்.

அளவு வேறு, எடை வேறு

படத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. இன்னொன்று, அந்த ஃபைல் எத்தனை எம்.பி. என்பது. பலரும் குழம்புவது இங்கேதான். மெயிலுக்குள் போட்ட படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினால் பார்வைக்குத்தான் சுருங்கும், ஃபைலின் எடை பொதுவாக அப்படியே இருக்கும். எடை குறைய வேண்டுமானால், இணைப்பதற்கு முன்பே படத்தைச் சுருக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் சுமார் 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அதாவது 1.2 கோடி புள்ளிகள். நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் 2000-க்கு 1500, மொத்தம் 30 லட்சம் புள்ளிகள்தான். கால் பங்காகிவிடுகிறது! எடையும் வெகுவாகக் குறையும். போன் திரையிலோ அலுவலகக் கணினியிலோ பார்ப்பதற்கு இதுவே தாராளம்.

எவ்வளவு வரை அனுப்பலாம்?

ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்.பி. வரை ஃபைல் இணைக்கலாம். அதைத் தாண்டினால் படம் கூகுள் டிரைவுக்குப் போய், மெயிலில் ஒரு லிங்க் மட்டும் இருக்கும். அந்த லிங்க்கைத் திறக்க நீங்கள் அனுமதி தரவில்லை என்றால், எதிரில் இருப்பவரால் படத்தைப் பார்க்க முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. மெயிலில் போகும் படம் எழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. இதனால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்.பி. படங்கள் வழியில் 20 எம்.பி. ஆகிவிடும். பெறுபவரின் மெயில் சர்வரில் வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். எனவே, எல்லாப் படங்களும் சேர்ந்து 5 எம்.பி.-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

சுருக்குவது எப்படி?

• ஐபோனில் உள்ள ‘மெயில்’ செயலியில் பெரிய படத்தை இணைத்து அனுப்பும்போது ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல் சைஸ் என்று அதுவே கேட்கும். சாலைப் பள்ளம் போன்ற காட்சிக்கு மீடியம் போதும். எழுத்து உள்ள படத்துக்கு லார்ஜ் தேர்ந்தெடுங்கள்.

• ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றின் கேலரியிலேயே ‘ரீசைஸ்’ வசதி இருக்கிறது. சாம்சங் போனில் ‘எடிட்’ போய், மூன்று புள்ளியைத் தொட்டுப் பாருங்கள்.

• அந்த வசதி இல்லையா? ‘கிராப்’ செய்து, தேவையில்லாத தரை, சுவர், வானம் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். எடையும் குறையும், பார்ப்பவர் கண்ணும் நேராக விஷயத்துக்குப் போகும்.

• சான்றிதழ், ரசீது போன்றவற்றைப் படமாக எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியிலும், ஐபோனில் ‘நோட்ஸ்’ செயலியிலும் இந்த வசதி உண்டு. பல பக்கங்கள் இருந்தாலும் ஒரே பி.டி.எஃப். ஆகிவிடும்.

• வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி எடுத்தால் எடை குறையும் என்று சிலர் செய்வார்கள். குறையும், உண்மைதான். ஆனால் சீலும் சின்ன எழுத்தும் மங்கலாகக்கூடும். பத்திரங்களுக்கு இந்த வழி வேண்டாம்.

எதைச் செய்தாலும் ஒரு நகலில் செய்யுங்கள். அசல் படம் போனில் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் ஆதாரம்.

உள்ளே வைப்பதா, இணைப்பதா?

கணினியில் ஜிமெயில் திறந்து படம் சேர்த்தால் ‘இன்லைன்’, ‘ஆஸ் அட்டாச்மென்ட்’ என்று இரண்டு வழி காட்டும். இன்லைன் என்றால் படம் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே உட்காரும். அந்தப் படத்தைத் தொட்டால் ஸ்மால், பெஸ்ட் ஃபிட், ஒரிஜினல் சைஸ் என்று வரும். இவை தோற்றத்துக்கான அளவுகள்.

எந்தப் படம் எந்த வரிக்கு என்று காட்ட வேண்டுமானால் இன்லைன் வசதியானது. மனுவுடன் ஆவணம் வைக்கும்போது அட்டாச்மென்ட்தான் சரி. தனியாக இறக்கிக்கொள்ளவும் பிரின்ட் எடுக்கவும் அவர்களுக்குச் சுலபம். ஃபைலுக்கு எண்களாக வரும் பெயரை மாற்றி, ‘தெருவிளக்கு 1’, ‘தெருவிளக்கு 2’ என்று வையுங்கள். இடம், தேதி இரண்டையும் மெயிலில் எழுதிவிடுங்கள். படம் மட்டும் வந்தால் அது எந்தத் தெரு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆதார் நகல் கேட்டால், முழு எண் கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் இல்லை என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அனுப்பும் முன்னும் பின்னும்

முதலில் அந்த மெயிலை உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பெயர், எண், தேதி, சீல் நான்கும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அலுவலகத்திலும் தெரியும். தெரியாவிட்டால் ஒரு படி பெரிய அளவில் மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

அனுப்பிய பிறகு அன்று மாலையும் மறுநாளும் இன்பாக்ஸை ஒரு பார்வை பாருங்கள். ‘மெயில் டெலிவரி சப்சிஸ்டம்’ என்ற பெயரில் ஏதாவது வந்திருந்தால், உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். முகவரியைச் சரிபார்த்து, படங்களை இன்னும் சுருக்கி, கடைசித் தேதிக்குள் மறுபடி அனுப்பிவிடுங்கள்.